லாயத்து லத்தீன்

சம்பந்தி என்னைத் திருடன் வீட்டுக்காரர் என்று வாய்விட்டுச் சொல்லவில்லை. அந்த மட்டுக்கும் நாகரிகம் தெரிந்தவர். "உங்க மச்சினர் வந்துட்டுப் போன அன்னிக்குத்தான் அது காணாமப் போச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு, தேநீரில் சர்க்கரையைக் கலக்கத் தொடங்கினார். எப்போதோ கரைந்துபோன சர்க்கரையை ஒரு மனிதர் விடாமல் கலக்கினால், மீதியை நாமே புரிந்துகொள்ள வேண்டும் என்று பொருள்.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மச்சினன், ஹாலின் உள்கதவுக்கு மேலே பார்த்தான். வயதேறிக் கறுத்த மரச்சட்டத்தில் கையகலத்துக்கு ஓர் இடம் மட்டும் வெளுப்பாக இருந்தது.

"தகடு இருந்தப்போகூட அந்த இடம் இவ்வளவு பளிச்சுனு இல்ல" என்றான்.

இவன் என் மனைவியின் தம்பி. எங்கள் குடும்பத்தில் இவனுக்கு ரேடியோ என்று பெயர். அணைக்கும் பொத்தான் மட்டும் வைக்க மறந்துவிட்டார்கள். நான் காவல்துறையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு நானும் இவனும் சேர்ந்து ஒரு துப்பறியும் அலுவலகம் நடத்தி வருகிறோம். நான் துப்பறிகிறேன். இவன் பேசுகிறான்.

காணாமல் போனது ஒரு பித்தளைத் தகடு. அதில் ஒரே ஒரு லத்தீன் சொல் பொறித்திருக்கும்: அகாசோ. சம்பந்தியின் குடும்பம் மூன்று தலைமுறையாகக் குதிரை லாயமும் சவாரிப் பள்ளியும் நடத்துகிறது. அவருடைய தாத்தாவுக்கு யாரோ ஒரு பிரபு கொடுத்த பட்டம் அது என்றும், குதிரைப்படைத் தளபதி என்று அதற்கு அர்த்தம் என்றும் அவர் சொல்வார். என் மகளை அந்த வீட்டில் கொடுப்பதற்குப் பேசிய நாளில் மூன்று முறை சொன்னார். நானும் என் முன்னோர்களைப் பற்றி மூன்று முறை சொன்னேன். கணக்கு நேராயிற்று.

இப்போது பள்ளிக்குப் புதிதாக ஓர் இரும்புக் கதவு செய்திருந்தார். அதன் தலையில் அதே சொல்லை முழங்கை நீள எழுத்துகளில் வார்த்து வைத்து, துணி போட்டு மூடியிருந்தார். அன்று மாலை விருந்தினர் முன்னிலையில் திறப்பு. பழைய தகட்டையும் வாசல் தூணில் பதிப்பதாக ஏற்பாடு. அந்த நேரம் பார்த்துத் தகட்டைக் காணவில்லை.

முந்தாநாள் ரேடியோ அந்த வீட்டுக்குப் போயிருந்தான். என் பேத்திக்கு ஒரு பொம்மை கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு ஹாலில் தனியாகக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். அவனுடைய மூக்குக்கண்ணாடியின் காது அடிக்கடி கழன்றுகொள்ளும் என்பதால் சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவர் இருக்கும். இது போதாதென்று, எல்லாரும் எழுந்து போவதற்கு முன்னால் தகட்டைக் காட்டி, "இதை உருக்கினா நல்லதா ரெண்டு டம்ளர் தேறும்" என்று வேறு சொல்லியிருக்கிறான். அன்று வீடே சிரித்ததாம்.

விருந்தினர் வருவதற்குள் தகடு கிடைக்காவிட்டால் போலீசில் சொல்லத்தான் வேண்டும் என்றும், யார் யார் வந்துபோனார்கள் என்று அவர்கள் கேட்டால் மறைக்கத் தனக்கு வாய் வராது என்றும் சம்பந்தி வருத்தத்தோடு சொன்னார். வருத்தம் உண்மையானதுதான். அது என் முதுகை இன்னும் நிமிர்த்தியது.

என் மகள் என்னைத் தாழ்வாரத்துக்கு அழைத்துப் போனாள்.

"அப்பா, சின்ன மாமா விளையாட்டுக்கு எடுத்திருந்தா இப்பவே சொல்லிடுங்க. எடுக்கலைன்னா, எடுக்கலைன்னு காட்டிட்டுப் போங்க. நீங்க ரெண்டு பேரும் கிளம்பிடுவீங்க. நான் இங்கதான் இருக்கணும்."

நம் குடும்பத்தில் யாரும் இன்னொருவர் வீட்டில் கேட்காமல் தண்ணீர்கூட எடுத்துக் குடித்ததில்லை என்று நான் தொடங்கினேன். பிறந்ததிலிருந்து கேட்ட வாக்கியம் என்பதால் மீதிப் பாதியை அவளே சொல்லி முடித்தாள். சொல்லும்போது அவள் கண் கலங்கியிருந்தது. நான் ஹாலுக்குத் திரும்பினேன்.

ஏணியைக் கொண்டுவரச் சொன்னேன். சம்பந்தியம்மாதான் அதைப் பிடித்துக்கொண்டார். உயரமான, அதிகம் பேசாத பெண்மணி. எங்கோ தூரத்து ஊரில் குதிரை வியாபாரியின் மகள் என்று கல்யாணப் பேச்சின்போது சொல்லியிருந்தார்கள். நான் மேலே ஏறிச் சட்டத்தைப் பார்த்தேன். தகட்டை இறுக்கியிருந்த நான்கு திருகாணிகளும் அவற்றின் துளைகளிலேயே இருந்தன. தகட்டைக் கழற்றியவர், திருகாணிகளைத் திரும்ப முடுக்கிவிட்டுப் போயிருக்கிறார்.

"நாணயமான திருடன். பொருளை எடுத்துக்கிட்டு ரசீது வச்சுட்டுப் போயிருக்கான்" என்றான் ரேடியோ.

"நீயாக இருந்தால்?"

"நானா இருந்தா நாலுல மூணைக் கீழ போட்டிருப்பேன். ஒண்ணு சோபாவுக்கு அடியில உருண்டிருக்கும். உங்க அக்கா வீட்டுக் கதவு இன்னும் ஆடிக்கிட்டு இருக்கறது எதனாலன்னு நினைக்கறீங்க?"

அது உண்மை. அவனை விடுவிக்க எனக்கு அதுவே போதும். ஆனால் சம்பந்திக்குப் போதாது.

வெளியே வந்ததும் யோசித்தேன். பழைய பித்தளைக்காக யாரும் சம்பந்தி வீட்டு ஹாலில் ஏணி போட மாட்டார்கள். பித்தளை வேண்டாதவருக்கு, அதில் இருந்த சொல்தான் வேண்டியிருக்கிறது. அல்லது வேண்டாமல் இருக்கிறது. அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று சம்பந்தி சொல்லி மட்டுமே நாங்கள் கேட்டிருக்கிறோம்.

*

நாங்கள் தேடிப்போன லத்தீன் டீச்சர், மருந்தாளுநர் படிப்புக்கு வரும் மாணவர்களுக்கு மருந்துப் பெயர்களின் மூலத்தைக் கற்றுக்கொடுத்தவர். மாடிப்படியில் தவறி விழுந்ததில் வலது காலில் மாவுக்கட்டு. சக்கரம் வைத்த அலுவலக நாற்காலியில் உட்கார்ந்து, நல்ல காலால் தரையை ஓர் உந்து உந்தி, மேஜையிலிருந்து அலமாரிக்கும் அலமாரியிலிருந்து ஜன்னலுக்கும் வழுக்கிக்கொண்டே இருந்தார். அவரோடு பேசி முடிப்பதற்குள் எங்கள் கழுத்து சுளுக்கிக்கொண்டது.

"அகாசோவா?" என்றார் அலமாரியிலிருந்து. "இந்த வாரம் இதுக்கு நல்ல கிராக்கி."

தளபதிதானே என்று கேட்டேன். அவர் மேஜைக்கு வந்து சேர்ந்து, என்னை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தார்.

"லாயக்காரன். குதிரைக்குத் தண்ணி காட்டறவன், மேல தேய்க்கறவன், லத்தி அள்ளறவன்."

"லத்தின்னா எங்க அத்தானும் எடுத்தவர்தான். போலீஸ்ல இருந்தாரு" என்றான் ரேடியோ.

டீச்சர் அதைக் கண்டுகொள்ளாமல் சொல்லின் வரலாற்றுக்குப் போனார். அதன் முதல் பாதி 'ஓட்டிச் செல்' என்ற வினையிலிருந்து வந்தது, அதில் பெரிய சண்டை இல்லை. மீதிப் பாதியில் கழுதை ஒளிந்திருக்கிறது, ஆகவே கழுதை ஓட்டுபவன் என்பதே மூல அர்த்தம் என்று சிலர் சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். அதற்குத் தான் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். கழுதையோ குதிரையோ, பின்னால் நடந்து போனவன் அவன்தான்.

சம்பந்தியை நினைத்து எனக்கே சங்கடமாக இருந்தது. தளபதி என்ற அர்த்தம் எந்த மூலையிலாவது ஒட்டிக்கொண்டிருக்காதா என்று கேட்டேன். டீச்சர் முதன்முறையாக நாற்காலியை நிறுத்தினார்.

"தளபதிங்கறது ரொம்ப தூரத்துல இல்ல. மார்ஷல்னு சொல்றோமே, அது ஐரோப்பாவுல வடக்க பேசின ஒரு பழைய மொழியில குதிரைங்கற சொல்லும் வேலைக்காரன்ங்கற சொல்லும் சேர்ந்தது. அந்த லாயக்காரன் அரண்மனைக்குள்ள நுழைஞ்சான், ராஜாவோட குதிரைக்கெல்லாம் பொறுப்பாளி ஆனான், கடைசில படைக்கே தலைவன் ஆயிட்டான். இவன் பாவம், லாயத்தை விட்டு வெளிய வரவே இல்ல."

ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, எங்கள் துறையில் இந்த மாதிரிக் குழப்பமெல்லாம் கிடையாது, ஒவ்வொரு பதவிக்கும் கௌரவமான பெயர் என்றேன்.

"நீங்க என்னவா சேர்ந்தீங்க?"

"கான்ஸ்டபிள்."

"அதுவும் லாயம்தான். லாயத்து அதிகாரின்னு லத்தீன்ல ரெண்டு சொல். தேய்ஞ்சு தேய்ஞ்சு கான்ஸ்டபிள் ஆச்சு."

ரேடியோ எழுந்து நின்று எனக்கு ஒரு சல்யூட் வைத்தான். அவனை உட்காரச் சொல்லிவிட்டு, பிரபு ஒருவர் இப்படி ஒரு பட்டத்தை ஏன் கொடுக்க வேண்டும் என்று டீச்சரிடம் கேட்டேன். அவர் தகட்டின் அளவைக் கேட்டார். கையகலம் என்றேன். அப்படியானால் அது பட்டம் இல்லை, கதவில் மாட்டும் பெயர்ப்பலகை என்றார். படிப்பைக் காட்டிக்கொள்ளும் ஆசையுள்ள பழைய சொந்தக்காரர் யாராவது சமையலறைக்கும் கிடங்குக்கும் லத்தீனில் பெயர் மாட்டியிருப்பார். மற்றக் கதவுகளில் துளை இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார்.

கடைசியாக, இந்த வாரம் வந்து கேட்டுவிட்டுப் போனவர் யார் என்றேன். சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருப்பதாகச் சொன்னார். ஆனால் குறைப்பட்டுக்கொள்ள மாட்டேன் என்று வாக்குக் கொடுக்கவில்லை போலும்.

"நல்ல மரியாதையான ஆள்தான். ஆனா என் நாற்காலிக்குப் பின்னால போற ஒவ்வொரு தடவையும் அதோட முதுகுல கையை வச்சு, 'பின்னால வர்றேன்'னு குரல் கொடுத்துட்டுப் போனாங்க. மாவுக்கட்டு போட்ட காலை வச்சுக்கிட்டு நான் என்ன உதைக்கவா போறேன்?"

*

லாயத்தின் பின்பக்கம் வரிசையாக ஐந்து கதவுகள். தீவனக் கிடங்கு, சேணம் வைக்கும் அறை, மருந்து அறை, வண்டிக் கொட்டகை, கடைசியில் பூட்டாமல் சாத்திக் கிடந்த ஒரு சின்ன அறை. ஒவ்வொன்றிலும் கண்மட்டத்தில் நான்கு துளைகள். நான்கு கதவுகளில் அவற்றின்மேல் பல முறை வண்ணம் பூசி மூடியிருந்தார்கள். கடைசிக் கதவில் துளைகள் திறந்தே இருந்தன.

"எல்லாக் கதவுக்கும் அம்மை போட்டிருக்கு. இதுக்கு மட்டும் இன்னும் ஆறலை" என்றான் ரேடியோ.

டீச்சர் சொன்னது சரி. சம்பந்தி வீட்டுத் தளபதிப் பட்டம், ஒரு காலத்தில் இந்த அறைக்கதவில் 'லாயக்காரர் அறை' என்று சொல்லிக்கொண்டு தொங்கியது.

சம்பந்தியிடம் வேலை பார்க்கும் லாயக்காரர் இரண்டு குதிரைகளோடு வெளியூர் போயிருந்து அன்று காலையில்தான் திரும்பியிருந்தார். ஆகவே அவர்மேல் சந்தேகத்துக்கு இடமில்லை. அவருக்கு எங்களைப் பிடிக்கவில்லை. நான் ஒரு குதிரையின் பின்பக்கமாகப் போனபோது என் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"பின்னால போறதுன்னா அது முதுகுல கை வச்சு, குரல் கொடுத்துட்டுப் போங்க சார். இல்லைன்னா உதைக்கும். அப்புறம் குதிரை மேல தப்பு சொல்லாதீங்க."

நான் நின்ற இடத்திலேயே நின்றேன். அவரோ என் காலடியில் கிடந்த ஓர் ஆணியைப் பார்த்துவிட்டு, புதிய இரும்புக் கதவை ஏற்றச் சாரம் கட்டிய தச்சரை ஏதோ திட்டி, அதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். தரையில் கிடக்கும் ஓர் ஆணி குளம்பில் ஏறினால் குதிரை மாதக்கணக்கில் படுத்துவிடுமாம். இந்த வேலையில் பழகியவர்கள் ஆணியையோ திருகாணியையோ கண்ட இடத்தில் விட மாட்டார்களாம்.

இதற்குள் ரேடியோ அங்கிருந்த கேரட் ஒன்றை எடுத்து விரல் நுனியில் பிடித்துக் குதிரையிடம் நீட்டியிருந்தான். லாயக்காரர் ஓடிப்போய் அவன் கையை விரித்து, கேரட்டை உள்ளங்கையில் வைத்து, கட்டைவிரலைப் பக்கவாட்டில் ஒட்டி மடக்கிவிட்டார்.

"கட்டைவிரலை வெளிய நீட்டினா அதையும் கேரட்டுன்னு நினைச்சுக்கும்."

நான் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டேன். நாற்காலியின் முதுகில் கை வைத்தவரும் திருகாணியைத் திரும்ப முடுக்கியவரும் ஒருவர்தான். லாயத்தில் வேலை செய்து, அந்தப் பழக்கம் உடம்பில் ஊறிப்போனவர். இந்த வீட்டில் லாயத்தோடு வளர்ந்தவர் யார்? தளபதிப் பட்டம் பொய் என்று தெரிந்தால் தலை குனிய வேண்டியவர் யார்?

"சம்பந்தியா?" என்றான் ரேடியோ. "தன் வீட்டுத் தகட்டைத் தானே ஒளிச்சுட்டு என் பேரைச் சொல்றாரா? அத்தான், இனிமே அவர் வீட்டு டம்ளரைத்தான் நான் உருக்கப் போறேன்."

*

சம்பந்தி புதிய கதவின் பக்கத்தில் நாற்காலிகளை ஒழுங்கு பார்த்துக்கொண்டிருந்தார். தச்சர் சிந்திய ஆணிகள் அவர் காலடியில் கிடந்தன. அவர் அவற்றைத் தாண்டித் தாண்டி நடந்தார். நான் சுற்றி வளைத்துத் தொடங்கினேன். இளவயதில் லாயத்து வேலையெல்லாம் பழகியிருப்பீர்களே என்றேன்.

அவர் பதில் சொல்ல வாயெடுத்தபோது லாயக்காரர் ஒரு குதிரையை அந்தப் பக்கமாக நடத்திக்கொண்டு வந்தார். சம்பந்தி பேச்சை நிறுத்தவில்லை. பேசிக்கொண்டே தூணுக்குப் பின்னால் போய்விட்டார். வாக்கியத்தின் பின்பாதி தூணுக்குள்ளிருந்து வந்தது.

"தளபதி பதுங்கிட்டாரு" என்றான் ரேடியோ என் காதில்.

குதிரை தூரப் போன பிறகு சம்பந்தி வெளியே வந்தார். சின்ன வயதிலேயே அவரை விடுதியில் சேர்த்துவிட்டார்களாம். நிர்வாகம் மட்டும்தான் அவர் பார்ப்பது. ஒரு விடுமுறைக்கு வீடு வந்தபோது ஹாலில் அந்தத் தகடு மாட்டியிருந்ததாம். அப்பா அதைக் காட்டி, 'நம்ம தாத்தா வாங்கின பட்டம்' என்றாராம்.

"விடுதியில என்னைக் குதிரைக்காரன் மகன்னுதான் கூப்பிடுவாங்க, சம்பந்தி. அந்தத் தகடைப் பார்த்துட்டுப் போனப்புறம் நான் யாருக்கும் பதில் சொல்லாம இருந்ததில்ல" என்றார்.

இவ்வளவு பாசாங்கு செய்ய இவருக்கு வராது. இவர் உண்மையாகவே தேடுகிறார். என் சந்தேகம் தவறு. விருந்தினரின் முதல் வண்டி தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது.

யோசிக்க ஓர் இடம் வேண்டும் என்று சமையலறைக்குப் போனேன். தட்டெல்லாம் விருந்தினருக்காக வெளியே போயிருந்தது. சம்பந்தியம்மா தகர டப்பாவிலிருந்து பிஸ்கட்டுகளை எடுத்து ஒரு தாம்பாளத்தில் அடுக்கிக்கொண்டிருந்தார். கவலை வந்தால் ரேடியோவுக்குப் பசிக்கும். டப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றான். அவர் கண்ணில் அது பட்டது. யோசனை எங்கோ இருக்க, ஒரு பிஸ்கட்டை எடுத்து அவனிடம் நீட்டினார்.

ரேடியோ அந்தக் கையைப் பார்த்தான்.

"விரலாலேயே குடுங்கக்கா. நான் கடிக்க மாட்டேன்."

பிஸ்கட், பலகைபோல விரிந்த உள்ளங்கையில் இருந்தது. கட்டைவிரல் பக்கவாட்டில் ஒட்டி மடங்கியிருந்தது.

சொன்ன பிறகுதான் தான் சொன்னது ரேடியோவுக்கே உறைத்தது. நான் அவனைப் பார்க்கவில்லை. சம்பந்தியம்மாவிடம், லத்தீன் டீச்சருக்குக் கால் எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்டேன்.

அவர் டப்பாவை மூடி, மூடியின் நான்கு பக்கத்தையும் அழுத்தினார்.

"இன்னும் மூணு வாரம் கட்டு இருக்குமாம்" என்றார்.

*

எங்களைக் கடைசி அறைக்கு அழைத்துப் போனார். உள்ளே ஒரு கட்டில், ஒரு பெட்டி, கூரை ஓரமாகச் சின்ன ஜன்னல். அவர் கதவை உள்ளிருந்து சாத்தினார். நாங்கள் வெளிப்பக்கம் நின்று துளை எண்ணிய அதே கதவின் உட்புறத்தில் தகடு மாட்டியிருந்தது.

அது அவருடைய அப்பாவின் அறை. சம்பந்தியின் அப்பாவிடம் அவர் லாயக்காரராக இருந்தார். தாயில்லாத மகள் அப்பாவோடு சேர்ந்து தண்ணீர் காட்டினாள், லத்தி அள்ளினாள், குளம்பு சுத்தம் செய்தாள், கல்யாணம் ஆகும்வரை. முதலாளியின் மகன் விடுமுறைக்கு வந்து, குதிரைக்குப் பயந்துகொண்டு தூர நின்றே அவளைப் பார்த்துவிட்டுப் போவான். பிடிவாதமாக அவளையே கட்டிக்கொண்டான். அவள் சிறுமியாக இருந்தபோது தகடு கதவின் வெளிப்பக்கம் இருந்தது. அவள்தான் அதைத் துடைத்து வைப்பாள். பிறகு ஒருநாள் முதலாளி அதைக் கழற்றிக்கொண்டுபோய் ஹாலில் மாட்டினார். அர்த்தம் யாருக்கும் தெரியாது. யாருடைய கதவில் இருந்தது என்று அவளுக்குத் தெரியும்.

கதவில் அந்தச் சொல்லை வார்க்கப்போவதாகக் கணவர் சொன்னதும் போய் விசாரித்திருக்கிறார். தகட்டை எடுத்து வைத்துக்கொண்டு கணவரிடம் பக்குவமாகச் சொல்லலாம் என்று நினைத்திருக்கிறார். வாயைத் திறப்பதற்குள் திருட்டு, போலீஸ் என்று வீடு இரண்டுபட்டுவிட்டது.

"உங்க பேரு அடிபடும்னு நான் நினைக்கவே இல்ல தம்பி" என்றார் ரேடியோவிடம். "ராத்திரியெல்லாம் தூக்கமில்ல."

விருந்தினர் சிரிப்பார்களே என்றுதானே பயந்தீர்கள் என்றேன்.

"சிரிக்கறவங்க சிரிச்சுட்டுப் போகட்டும். நீங்க சிரிக்க மாட்டீங்க, அண்ணா. அதான் பயம். குதிரை வியாபாரி மகள்னு உங்ககிட்ட சொன்னதே அதனாலதான். தெரிஞ்சா நீங்க ஒண்ணும் கேக்க மாட்டீங்க. நிமிர்ந்து உக்காந்துக்கிட்டு உங்க பொண்ணை ஒரு பார்வை பார்ப்பீங்க. உன்னை எங்க கொண்டுவந்து தள்ளிட்டேன்னு. அதுக்கப்புறம் அவ என்னை அத்தைன்னு கூப்பிடறது வேற மாதிரி ஆயிடும்."

என் முதுகு எப்போதும்போல நேராகத்தான் இருந்தது. அதை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

ரேடியோவின் ஸ்க்ரூ டிரைவரை வாங்கி நானே தகட்டைக் கழற்றினேன். சம்பந்தியம்மாவை முன்னால் போகச் சொன்னேன். யார் எடுத்தது என்று கேட்டால் பதில் சொல்ல நான் இருக்கிறேன், அவர் பேர் வெளியே வராது என்றேன். அவர் போன பிறகு ரேடியோவிடம், கதவுப் பக்கம் போனதும் நீ வாயையே திறக்கக் கூடாது என்றேன்.

"சரி அத்தான். ஒண்ணே ஒண்ணு மட்டும். அந்தப் பழைய லாயக்காரர் உங்க பேத்திக்குக் கொள்ளுத் தாத்தா. குதிரைக்கும் கொள்ளு, குழந்தைக்கும் கொள்ளு. பொருத்தமாத்தான் அமைஞ்சிருக்கு."

*

நாற்காலிகள் நிறைந்திருந்தன. சம்பந்தி துணியின் கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு கதவருகே நின்றார். என் கையில் தகட்டைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது. அடுத்த நொடியே இறுகியது.

"யாரு எடுத்தது?" என்றார். மெதுவாகத்தான் கேட்டார். முன்வரிசைக்குக் கேட்டது. என் மகள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அங்கேதான் நின்றாள்.

என் வாக்கியம் தயாராக இருந்தது. அதற்குள் ரேடியோ முந்திக்கொண்டான்.

"நான்தான்."

"அவன் இல்லை. நான்" என்றேன். என் வாழ்நாளில் நான் சொன்ன முதல் பொய் அதுதான் என்று நினைக்கிறேன். அவ்வளவு சுலபமாக வந்தது எனக்கே பிடிக்கவில்லை.

"ரெண்டு பேரும் பொய் சொல்றாங்க" என்றார் சம்பந்தியம்மா. "இவங்களுக்கு ஏணியைக்கூட ஒழுங்கா சாத்தத் தெரியாது. கழட்டினது நான்."

சம்பந்தி மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். "கையகலத் தகட்டைக் கழட்ட மூணு பேரா?" என்றார்.

சம்பந்தியம்மா அவர் பக்கத்தில் போய் நின்றார். அது பட்டம் இல்லை என்றார். "எங்கப்பா ரூம் கதவுல இருந்தது" என்றார். சம்பந்தி தகட்டைப் பார்த்தார். துணி போர்த்திய கதவை அண்ணாந்து பார்த்தார். பெரிய கணக்கு ஒன்று அவர் தலைக்குள் மெதுவாக நேராவது தெரிந்தது. பிறகு அவர் செய்த முதல் காரியத்துக்காக அவரை நான் இன்றைக்கும் மதிக்கிறேன். ரேடியோவின் பக்கம் திரும்பி, எல்லார் எதிரிலும், "தப்பா நினைச்சுட்டேன். மன்னிச்சுக்கங்க" என்றார். வாய்ப்புக் கிடைத்தும் ரேடியோ, "பரவாயில்லீங்க" என்பதோடு நிறுத்திக்கொண்டான்.

முன்வரிசையில் குதிரை டாக்டர் உட்கார்ந்திருந்தார். காது கொஞ்சம் மந்தம். "அது இருக்கட்டும், என்னதான் எழுதியிருக்கு அதுல?" என்று உரக்கக் கேட்டார்.

சம்பந்தி வாயைத் திறந்தார். பழகிய சொல் வரவில்லை. மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள் விருந்தினரைப் பார்க்கவில்லை, கணவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

நான் தகட்டை எல்லாருக்கும் தெரியும்படி உயர்த்திப் பிடித்தேன்.

"லாயக்காரர்னு எழுதியிருக்கு. லத்தீன். குதிரையை வச்சுக் காப்பாத்தறவர். சம்பந்தியம்மாவோட அப்பா இந்த லாயத்துல அந்த வேலைதான் பார்த்தார். சம்பந்தியம்மாவும் பார்த்திருக்காங்க. என் பேத்தி அந்தக் குடும்பம். அதனால நானும்."

யாரும் சிரிக்கவில்லை. என் மகள் குழந்தையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, மாமியாரின் பக்கத்தில் போய் நின்றாள்.

சம்பந்தி கையிலிருந்த கயிற்றைப் பார்த்தார். பிறகு அதை மனைவியிடம் நீட்டினார். அவர் வேண்டாம் என்று தலையசைத்தார். இவர் நீட்டிய கையை எடுக்கவில்லை. கடைசியில் அந்த அம்மாள் கயிற்றை வாங்கி, முண்டும் குதிரையை இழுப்பதுபோல ஒரே இழுப்பாக இழுத்தார். துணி வழுக்கிக் கீழே விழுந்தது. இரும்பு எழுத்துகள் மாலை வெயிலில் கறுத்து மின்னின.

முதலில் கை தட்டியது தான்தான் என்று ரேடியோ எல்லாரிடமும் சொல்லித் திரிகிறான். அது உண்மையில்லை. நான்தான்.